பஸ்ஸின் இடது பக்கம்

என் மகனைத் தெய்வக் குழந்தை என்று சொன்னவர்கள் நிறையப் பேர். தெய்வக் குழந்தைக்கு மீசை முளைத்தால் என்ன செய்வது என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தான். பதினெட்டு முடிந்ததும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போன வேனும் அதோடு நின்றது. பிறகு மூன்று வருடம் மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தே பருத்துப்போனான்.

அடையாறில் அவனைப் போன்றவர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். காகிதப் பை ஒட்டுவது, மளிகைச் சாமான் பொட்டலம் போடுவது என்று வேலைகள். பயிற்சியாளர் என் தம்பி வயதுக்காரர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பையன் தனியா பஸ்ல வந்து போகணும்மா. நீங்களே கொண்டாந்து விட்டுக்கினு இருந்தா, உங்களுக்கு ஒண்ணுன்னா அன்னியோட இவன் வர்றதும் நின்னுடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பஸ்ஸில் போகத் தெரியாவிட்டால் எனக்குப் பிறகு இவனுக்கு ஏதாவது ஒரு விடுதியின் மூலைதான். என் அக்கா அதை அப்போதே விசாரித்தும் வைத்திருந்தாள்.

பழக்குவதற்கு ஒரு முறை சொல்லிக் கொடுத்தார் பயிற்சியாளர். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். பிறகு சில வரிசை தள்ளி. கடைசியில் பஸ்ஸிலேயே ஏறாமல், அவனுக்குத் தெரியாமல் வண்டியில் பின்னால் போக வேண்டும். பஸ் நின்ற பிறகு ஏறு, சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துக் காட்டு, பாலம் தாண்டும்வரை சீட்டை விட்டு எழுந்திருக்காதே என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. மாற்றுத்திறனாளி என்று அச்சிட்ட அந்தப் பாஸைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பார்த்தால் தெரியவே இல்லையே என்று ஊரே சொல்லும் பிள்ளை. அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை.

முதல்முறை அவனைத் தனியாக ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்தார்கள். பஸ் ஊர்ந்துதான் போனது. பாலத்துக்கு முன்னால் சிக்னலில், பஸ்ஸின் இடது பக்கமாக நுழைந்து நின்று ஜன்னலைப் பார்த்தேன். மகன் உட்கார்ந்திருந்தான். உட்கார இடம் கிடைத்துவிட்டதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவன் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து நின்று ஏதோ சொன்னாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் காலரைப் பிடித்தது. "லேடீஸ் சீட்ல குந்திக்கினு இன்னாடா பண்றே? எழுந்திருடா." அவன் எழுந்திருக்கவில்லை. இன்னும் பாலம் தாண்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினான். அதைத் தட்டிவிட்டு அறைந்தார்கள். ஒருவர் ஆரம்பித்ததும் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கள் என்று கத்தினேன். ஹார்ன் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பச்சை விழுந்து பஸ் போய்விட்டது.

பாலத்தில் விரட்டிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ்ஸில் இடது பக்கம் பெண்களுக்கு என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? கைக்குழந்தையிலிருந்து என்னோடு ஏறி, என் பக்கத்தில், அந்தப் பக்கமே உட்கார்ந்து வந்தவன். நான் தள்ளி உட்கார்ந்த நாட்களில் யாராவது முறைத்தால், எங்களுக்குப் பழகிப்போன முறைப்புதானே என்று நினைத்து, என் பையன் என்று சைகை காட்டிவிடுவேன். எனக்கு அது அம்மாவும் பிள்ளையும் உட்காரும் இடம். அவன் வளர்ந்த ஆண் என்பதை அந்த பஸ்ஸில் நான் ஒருத்திதான் கவனிக்கவில்லை.

சரியான நிறுத்தத்தில் இறங்கி நின்றிருந்தான். சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது, காது சிவந்திருந்தது. "பாஸ் காட்டினேன்" என்றான். அழவில்லை. நான்தான் நடுரோட்டில் நின்று அழுதேன்.

போதும், வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். பயிற்சியாளர் கேட்கவில்லை. அவரே அவனோடு சில நாள் பஸ்ஸில் ஏறி, எந்தப் பக்கம் யாருக்கு என்று காட்டிக் கொடுத்தார். மகன் கற்றுக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் உட்காருவதில்லை. பஸ் காலியாக வந்தாலும் பின்படிக்கு அருகே கம்பியைப் பிடித்தபடி நின்றே போகிறான். தினமும் தனியாக வருகிறான் என்று கூடத்தின் ஆண்டு விழாவில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டியபோது நான் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்கு டாக்டரிடம் பரிசோதனை இருந்தது. அவனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டமே இல்லை. என் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து நடந்து, ஆண்கள் பக்கம் அவன் அருகே போய் நின்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சுற்றிலும் பார்த்தான். என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"அம்மா இங்க வராத. அடிப்பாங்க. அங்க போ."

நான் திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.