குகன் மறுத்த கல்யாணம்

கிள்ளான் பக்கம் மேரு வட்டாரத்தில் எதற்கும் பயப்படாத மனிதர் யார் என்று கேட்டால், இராமலிங்கம் தன் பெயரைத்தான் சொல்வார். போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் கொள்கலன் லோரிகளை அனுப்பிவைக்கும் வேலை பார்த்தவர். இராகு காலம் எப்போது என்று நாட்காட்டியில் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில்தான் முதல் லோரியைக் கிளப்புவார். ஓட்டுநர்கள் முன்பக்கம் கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துப் பிழிந்து, ஐஸ் போட்டுக் குடித்துவிடுவார். லோரிகளும் போய்ச் சேர்ந்தன, அவர் வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு பெற்றபின் கிள்ளான் சிந்தனையாளர் வட்டம் அவரைச் செயலாளராக்கிக்கொண்டது. மாதம் ஒருமுறை கூடி, மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டு, மீ கோரேங் சாப்பிட்டுக் கலைகிற அமைப்பு அது.

மகள் மலர்விழிக்கு அவர் சாதகமே எழுதவில்லை. பூச்சோங்கில் சரண் என்ற பையனைப் பார்த்தபோது பொருத்தமும் பார்க்கவில்லை. பெண்ணின் சம்மதம்தான் ஒரே பொருத்தம் என்று சொல்லி, அந்தச் சம்மதத்தை முறைப்படி கேட்டார். வட்டத்தின் ஆண்டு விழாவில், மேடைக்கு அழைத்து, மைக்கை நீட்டிக் கேட்டார். இரு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, மலர்விழி மைக்கைப் பார்த்து "சரிப்பா" என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இதைவிடச் சுதந்திரமாக ஒரு பெண் எப்படிச் சம்மதிக்க முடியும் என்று தலைவர் ராஜன் நன்றியுரையில் கேட்டார்.

மிச்சமிருந்தது வீடியோக்காரர். இப்போதெல்லாம் நம் கல்யாணங்களில் விருந்தினருக்கு மணமக்கள் தெரிவதில்லை. வீடியோக்காரர்களின் முதுகுதான் தெரியும். ஆகவே முதுகைத் தேர்ந்தெடுப்பதில் நிதானம் வேண்டும். கிள்ளானில் ஒருவர் மணப்பெண் தலைமேல் ரோஜாக்களைப் பறக்கவிடுகிறார் என்றார்கள். இன்னொருவர் தாரைவார்க்கும்போது பெண்ணின் தாய் சரியாக அழும்வரை திரும்பத் திரும்ப எடுப்பாராம். இராமலிங்கத்தின் மனைவி வீரம்மா இருவரையும் ஒதுக்கிவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் குகன்தான் வேண்டும் என்றார்.

குகனிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒப்புக்கொள்வதற்கு முன் மணமக்களை வரச்சொல்லி, சும்மா கொஞ்ச நேரம் நடக்கவிட்டு, பேசவிட்டு, படம்பிடித்துப் பார்ப்பார். பிறகுதான் சரி என்றோ, தேதி இல்லை என்றோ செய்தி அனுப்புவார். அவர் தேதி இல்லை என்று சொன்ன கல்யாணங்கள் விளங்கவில்லை என்று பெண்கள் நடுவே ஒரு பேச்சு. காப்பாரில் ஒரு ஜோடி முதல் தீபாவளிக்கே பிரிந்துவிட்டது. செந்தூலில் மாப்பிள்ளை ஆஸ்திரேலியா போனவர் போனவர்தான். கேமரா வழியாக அந்த ஆளுக்கு ஏதோ தெரிகிறது என்றார் வீரம்மா. சோசியரை மறுத்த ஊர் வீடியோக்காரரிடம் மண்டியிடுகிறதே என்று இராமலிங்கம் அன்று சாப்பாட்டு மேசையில் வெகுநேரம் சிரித்தார். இருந்தாலும் மனைவியின் உரிமையை மதித்து, தன் போனிலிருந்தே குகனுக்கு எழுதினார். பிள்ளைகள் இருவரும் போய் நடந்து காட்டிவிட்டும் வந்தார்கள்.

புதன்கிழமை காலை பதில் வந்தது. "சாரி அங்கிள். இந்தத் தேதி முடியாது."

அவ்வளவுதான் செய்தி. நம்பாத மனிதன் என்ன செய்வான்? அடுக்களைக்குப் போய் மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டி, இன்னொரு முறை சிரிப்பான். இராமலிங்கம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏதோ ஒன்று குடியேறியது. மண்டபத்துக்காரர் கூப்பிட்டு, குளிர்சாதனம் பழுதாகிவிட்டது, சரிசெய்துவிடுவோம் என்றார். பூச்சோங்கிலிருந்து கிளம்பிய சரணின் காடி கூட்டரசு நெடுஞ்சாலையில் நின்றுபோனது. அச்சடித்து வந்த பத்திரிகைக் கட்டில் மேலிருந்த பத்திரிகை மட்டும் நனைந்திருந்தது. இவை எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று இராமலிங்கத்துக்குத் தெரியும். காரணங்களை ஒவ்வொன்றாகத் தனக்கே விளக்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் விளக்கி முடித்ததும், அடுத்தது என்னவோ என்று போனைப் பார்த்தார். சரண் வந்து "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது, அவன் முகத்தில் ஆஸ்திரேலியா தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தார்.

மலர்விழி இரண்டு முறை கேட்டாள், குகன் அண்ணன் பதில் போட்டாரா என்று. இரண்டு முறையும், இன்னும் இல்லை என்றார். இரண்டாம் முறை அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சட்டைப் பையின் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை, வட்டத்து வேலை என்று பொய் சொல்லி, கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனார். பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் குகனின் ஸ்டூடியோ. தாடியும் ஒற்றைக் கடுக்கனுமாகக் குகன் ஒரு திரையில் யாரோ ஒரு மணப்பெண்ணின் கன்னத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தார். இராமலிங்கம் உட்காரவில்லை. தான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று முதலில் தெளிவுபடுத்தினார். பிறகு, என் மகள் கல்யாணத்தில் என்னதான் தெரிந்தது, மறைக்காமல் சொல் என்றார்.

குகன் தலையைச் சொறிந்துகொண்டார். "அங்கிள், எனக்கு ஒண்ணும் தெரியாது லா. நான் நாப்பது பேருக்காவது டேட் இல்லன்னு சொல்லியிருப்பேன். நாலு பேரு பிரிஞ்சிட்டாங்க. மிச்சப் பேரு புள்ள குட்டியோட நல்லாத்தான் இருக்காங்க. அத யாரும் எண்ண மாட்றாங்க."

இந்த ஒரு கணக்கை வட்டத்தின் செயலாளர் தானே போட்டிருக்கலாம். போடத் தோன்றவில்லை. முகம் சிவந்தாலும் நெஞ்சு லேசானது. அப்படியானால் அன்றைக்கு வேறு கல்யாணம் இருக்கிறது போலும் என்று சிரித்தார்.

குகன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னிக்கு நான் ஃப்ரீதான் அங்கிள். உங்க பொண்ணுதான் டெஸ்ட் ஷூட் முடிஞ்சதும் திரும்பி வந்தாங்க. அண்ணே, எடுக்க முடியாதுன்னு அப்பாவுக்கு மெசேஜ் போடுங்க, அது போதும்னாங்க. அப்பா அத அம்மாகிட்ட படிச்சிக் காட்டிச் சிரிப்பாரு, அம்மா மிச்சத்தப் பாத்துக்குவாங்கன்னாங்க."

"ஏன், சரண் மேல ஏதாச்சும்…"

"நானும் கேட்டேன். நல்லவருதான், எனக்கு வேணாம்னாங்க. அப்ப சொல்ல வேண்டியதுதானேன்னேன். சரின்னு மைக்குல சொல்லிட்டேன் அண்ணே, வேணாம்னு எதுல சொல்றதுன்னு கேட்டாங்க."

கீழே பூக்கடையில் யாரோ மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இராமலிங்கம் இப்போது உட்கார்ந்தார்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். மகளுக்கு இஷ்டமில்லை என்று உண்மையைச் சொன்னால், பூச்சோங்கிலிருந்து மேருவரை ஒரே கேள்விதான் கேட்பார்கள்: பெண்ணுக்கு வேறு யாரோடு தொடர்பு? சகுனம் சரியில்லை என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். சகுனத்துக்கு நடத்தை கிடையாது. இதையெல்லாம் அந்தப் பெண் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அப்பா சிரிப்பார் என்று நம்பியதில்தான் தவறிவிட்டாள். அவர் பயந்துபோய் வாயை மூடிக்கொள்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றும் நினைத்தார். கேட்டால் மறுபடியும் சரிப்பா என்றுவிடுவாளோ என்று, வாழ்க்கையில் வேறு எதற்கும் பயப்படாத அளவுக்குப் பயந்தார்.

மறுநாள் காலை வீரம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். மலர்விழி சட்னியை மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள். இராமலிங்கம் போனை எடுத்துச் செய்தியை உரக்கப் படித்தார். சிரிக்க முயன்றார், வரவில்லை. ஆகவே, தான் ஒரு நாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"மனசுக்கு என்னமோ சரியாப் படல, வீரம்மா."

அடுப்பு அணைந்தது. மற்றவை வேகமாக நடந்தன. வீரம்மா பூச்சோங்குக்குப் போன் போட்டார். சரணின் தாய் தனலெட்சுமி பாதி கேட்பதற்குள், காடி நின்ற அன்றைக்கே நானும் நினைத்தேன் என்று அழுதார். மத்தியானத்துக்குள் இரு வீட்டாரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டு கல்யாணத்தை நிறுத்தினார்கள். சரண், அப்போ லீவ் கேன்சல் பண்ணிடவா என்று கேட்டானாம்.

சாயங்காலம் தலைவர் ராஜன் வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றபடியே கேட்டார். "ஒரு வீடியோக்காரன் தேதி இல்லன்னதுக்கா லிங்கம்? நீங்களா?"

கூடத்தில் மலர்விழி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. இராமலிங்கம் அவளைப் பார்க்காமல் ராஜனையே பார்த்தார்.

"ஆமா தலைவரே. பயமாப் போச்சு."

ராஜன் செயலாளர் பதவியை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டு போனார். அவர் காடி தெருமுனை திரும்பியது. பிறகு வீரம்மா கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு மரியாதையோடு அவர் கணவரைப் பார்த்ததில்லை. இனிமேல் எந்த மாப்பிள்ளை வந்தாலும் முதலில் மலர்விழியோடு குகனிடம் அனுப்பிவிட்டுத்தான் நாம் பார்க்கப் போகவேண்டும் என்றார்.

இராமலிங்கம் வாயைத் திறந்தார். மலர்விழி மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதான் சரி," என்றார்.

வீரம்மா உடனே குகனின் நம்பரைக் கேட்டு வாங்கி, தன் போனில் பதிந்துகொண்டார்.