வலது சட்டைக்கை

காலை ஐந்தே முக்காலுக்குச் சமையலறை ஜன்னல் திறக்கிறது. முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிவிட்ட ஒரு வலது கை வெளியே நீள்கிறது. உள்ளே செர்வே லெஜோலி ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் கையை இழுத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ரோமத்தில் நீர்த்துளி ஏதும் நிற்கிறதா என்று விளக்கடியில் பார்க்கிறார். ஒன்றே ஒன்று நின்றாலும் போதும். "மழை" என்று அறிவித்துவிடுவார்.

"இதுவா?" என்பார் மனைவி கிஸ்லேன், காப்பி வடிகட்டுவதிலிருந்து திரும்பாமலே. "இதுக்குப் பேரு மழைன்னா நம்ம ஊர்ல மீனுதான் குடியிருக்கணும்."

செர்வேக்கு ஐம்பத்தொன்பது வயது. பால் லாரி ஓட்டுகிறார். பண்ணை பண்ணையாக நின்று பாலை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் மால்மெடியில் போய் இறக்க வேண்டும். அவர் போகும் பாதை முழுவதும் பழைய கிராண்ட் பிரி கார் பந்தயச் சாலை. பெரிய பெரிய ஓட்டுநர்கள் மணிக்கு இருநூற்றைம்பதில் பறந்த வளைவுகளில் இவர் நாற்பதில் போவார். பின்னால் சைக்கிள் மணி கேட்டால் ஒதுங்கி வழி விடுவார். கேலி செய்கிறவர்களுக்குப் பதில் தயாராக இருக்கும்: "இந்த ரோட்டை என்னை விட அதிகமா சுத்தினவன் இருந்தா வரச்சொல்லு. முப்பது வருஷம் ஆச்சு. ஒரு சொட்டுப் பால் சிந்தினதில்ல."

இடது சட்டைக்கை மணிக்கட்டில் ஒழுங்காகப் பொத்தான் போட்டிருக்கும். வலது கை மட்டும் எப்போதும் சுருட்டியபடி. தேவாலயத்திலும் அப்படித்தான், ஜனவரிப் பனியிலும் அப்படித்தான். சொந்த மைத்துனனின் சவ ஊர்வலத்தில் பாதிரியாரே ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிஸ்லேன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், புதுச் சட்டை வாங்கினால் முதல் வேலையாக வலது மணிக்கட்டுப் பொத்தானை வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுகிறார். வீணாகத் தொங்குவானேன்? வீட்டுத் தலையணை உறைகள் எல்லாம் அந்தப் பொத்தான்களில்தான் ஓடுகின்றன.

இந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், இந்த பெல்ஜியத்து ஊர்க்காரர்களின் ஒரு பிடிவாதம் முதலில் தெரிய வேண்டும். இங்கே தூறலை யாரும் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தூறலில் கல்யாணப் படம் எடுப்பார்கள், மாடு விலை பேசுவார்கள், தெருவில் நின்று வறுத்த உருளைக்கிழங்கு தின்பார்கள். குடையை விரிக்கிறவன் பிரஸ்ஸல்ஸ் பட்டணத்துக்காரன். அப்படியானால் மழை என்பது எது? அதை முடிவு செய்வது கொடியில் கிடக்கும் துணி. வீட்டுக்காரி ஓடிவந்து துணியை எடுத்தால் மழை. எடுக்காத வரைக்கும் இல்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் ஞாயிறு. கிராண்ட் பிரி பந்தயம். மூன்று மர வளைவில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. அங்கே காவல் நின்றவர் செர்வே. எதிர்ப்பக்கம் அவருடைய சொந்த வீடு. புறப்படும் இடம் எட்டு கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம். இங்கே பெய்வது அங்கே தெரியாது. அதனால் புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கோபுரத்திலிருந்து பந்தய அதிகாரி முசியே பஸ்தேன் ஒவ்வொரு வளைவையும் கூப்பிட்டுக் கேட்பார். யாராவது ஒருவர் ஈரம் என்று சொன்னாலும் போதும், பந்தயத்தைத் தள்ளிவைத்து ஓட்டுநர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

மணி அடித்தது. மழை உண்டா என்று பஸ்தேன் கேட்டார். செர்வேயின் கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர் படிந்திருந்தது. அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தார். கொடியில் துணி அப்படியே கிடந்தது. கிஸ்லேன் வேலியில் சாய்ந்து சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"காய்ஞ்சிருக்கு, முசியே பஸ்தேன்" என்றார் செர்வே. மனசாட்சி உறுத்தவே இல்லை. அவர் அறிந்த வரையில் அது சத்தியம்.

புறப்பட்ட மூன்று நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் முழு வேகத்தில் வந்து சேர்ந்தது. முதல் இரண்டு கார்கள் வழுக்கிச் சமாளித்தன. மூன்றாவதாக வந்த பச்சைக் கார் இரண்டு சுற்று சுற்றி, வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டு லம்பேரின் வேலியைத் தாண்டி அவருடைய பீட்ரூட் வயலில் போய்ப் படுத்தது. ஓட்டியவன் டென்மார்க்காரன், அக்செல் தோருப், இருபத்தாறு வயது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, நல்லகாலம். பந்தயம் நடந்தது, யாரோ ஜெயித்தார்கள். அது யார் என்று கேட்டால் இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. லம்பேருக்கு மட்டும் எத்தனை பீட்ரூட் நாசமானது என்று இன்றும் தெரியும்.

விசாரித்தவர்கள், செர்வே சொன்னபோது காய்ந்துதான் இருந்தது, தூறல் பிறகு வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். செர்வே வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து தோருப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான்: "என் தப்புதான். ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்திருக்கணும், எடுக்கல." அதற்கப்புறம் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. ஊருக்குப் போய்ப் படகு எஞ்சின் ரிப்பேர் செய்யும் கடை வைத்துவிட்டான் என்று கேள்வி.

'என் தப்புதான்' என்ற அந்தச் செய்தியை லாரியில் உட்கார்ந்து படித்த அன்று செர்வே மூன்று பண்ணைகளுக்குப் போகவே மறந்துவிட்டார். மறுநாள் அரிசியும் பாலும் வைத்துச் சுட்ட தார்த் பலகாரம் ஒன்று வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. தார்த்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். நாளைக்குப் போகலாம் என்று கிஸ்லேனிடம் சொன்னார். அந்த நாளை வரவே இல்லை. வெட்கம், வேறொன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டும் பழக்கம் அந்த வாரத்தில்தான் தொடங்கியது.

இந்த ஜூனில் பழைய கார்களைக் கொண்டுவந்து, பழைய சாலையில் மூன்று சுற்று விடுவதாக ஏற்பாடு. பழைய ஆட்களே பழைய இடத்தில் நிற்க வேண்டும் என்று பஸ்தேனுக்கு ஆசை. செர்வே முடியாது என்றார், முதுகு வலி என்றார், பாலுக்கு யார் போவது என்றார். வருகிறவர்களின் பட்டியலை பஸ்தேன் வாசித்துக்கொண்டே போனார். பச்சைக் கார், தோருப் என்று வந்ததும் செர்வே வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் கிஸ்லேன் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஊன்றுகோலுடன் ஒருவர் வளைவில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செர்வேக்கு அடையாளம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். காப்பி வந்தது. எந்த இடத்தில் பிசகினேன் என்று இன்னும் பிடிபடவில்லை, அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றார் தோருப், தட்டுத்தடுமாறும் பிரெஞ்சில்.

"நீங்க பிசகல" என்றார் செர்வே. "போன்ல காய்ஞ்சிருக்குன்னு சொன்னது நான். தூறிட்டுதான் இருந்துச்சு. அதோ அந்தக் கொடியைப் பாத்தேன். துணியை எடுக்கல. அதனால மழை இல்லைன்னு சொல்லிட்டேன். அப்புறம் கேட்டப்பவும் வாயை மூடிட்டு இருந்தேன். அன்னிலேருந்து மழையான்னு தினமும் கையை நீட்டித்தான் பாக்கறேன்."

தோருப் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார்.

"அன்னிக்கு என்ன துணி கிடந்துச்சு?"

"ரெண்டு படுக்கை விரிப்பு, இவரோட நீலச் சட்டை" என்றார் கிஸ்லேன். "சட்டை நல்லாவே காயல."

தோருப் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். "பதினெட்டு வருஷமா இந்தக் காலைத்தான் திட்டிட்டு இருந்தேன். கொஞ்சம் முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாம் நீங்க." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கை கொடுக்கவில்லை. காப்பி அப்படியே இருந்தது. நாளைக்கு அந்த மனிதர் கார் ஏறுவாரா என்ற ஒரே கவலையில் செர்வே அன்றைக்குச் சாப்பாட்டையும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே மேசை, அதே நாற்காலி. வேலியோரம் ஊரே அரைக்கைச் சட்டையில் நின்று ஐஸ்கிரீம் தின்றது. புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. சொல்லி வைத்தாற்போலப் பொடித் தூறல். எதிரே கொடியில் நேற்றைய துணி கிடந்தது. கிஸ்லேன் அதன் பக்கமே போகவில்லை. செர்வே கையை நீட்டி இருபது எண்ணினார். பிறகு தொலைபேசியில் சொன்னார்: "மழை. ரோடு ஈரம். காரை விடாதீங்க."

லம்பேருக்குப் பொறுக்கவில்லை. "டேய் செர்வே, என் மாடு மூச்சு விட்டா இதைவிட ஈரமா இருக்கும்டா!" வேலி முழுக்கச் சிரிப்பு. ஐஸ்கிரீம் தீர்ந்து பிள்ளைகள் நச்சரிக்க, நாற்பது நிமிடம் எல்லாரும் செர்வேயை வறுத்தெடுத்தார்கள். அவர் ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தூறல் நின்று, சாலை வெளுத்த பிறகுதான் விட்டார்கள். ஒவ்வொன்றாக வந்தன. சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு. பச்சையைக் காணோம். செர்வே எழுந்து நின்றுவிட்டார். கடைசிக்கு முன்னால், மற்றவற்றை விட மெதுவாக, அது வளைவுக்குள் நுழைந்தது. மூன்று மரங்களின் நேரே வந்ததும் தோருப் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வெளியே நீட்டி, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டினார். வளைவு முடியும் வரை கையை மடக்கவில்லை.

சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தது. செர்வே ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது சட்டைக்கையை மடிப்பு மடிப்பாக இறக்கினார். மணிக்கட்டு வரை இறக்கியதும் பொத்தானைத் தேடினார். அது பிஸ்கட் டப்பாவில் இருந்தது. இரண்டு ஓரத்தையும் இடது விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கார்கள் அடுத்த சுற்று வரும்வரை அப்படியே நின்றார்.