குவைத்து நர்ஸ்

குவைத்தில் நான் பார்த்தது வீட்டு வேலை. எங்கள் ஊர் பாடாலூரில் என்னை நர்ஸ் என்றார்கள். அந்தப் பொய்யைக் கிளப்பிவிட்டவர் என் கணவர்தான். பெண்டாட்டி அடுத்தவர் வீட்டுக் கக்கூஸைக் கழுவுகிறாள் என்று டீக்கடையில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. எட்டாவது பெயிலான எனக்கு அவராகவே உத்தியோகம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் முதல் லீவில் வந்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. வந்த மறுநாள் ஒருத்தி காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிவந்து ஊசி போடச் சொன்னாள். "மருந்து எதுவும் கொண்டாரலங்க" என்று சமாளித்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கூசிப்போனேன்.

அடுத்து எதிர்வீட்டு அக்கா தன் மகளோடு வந்தாள். அக்காவுக்குப் பெரம்பலூரில் வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிற வேலை.

"இவளையும் ஒன் ஆஸ்பத்திரியிலயே சேத்துவுடு ஆயி. கூட்டிப் பெருக்குற வேலன்னாலும் செய்வா."

மகளுக்குப் பதினெட்டுகூட இருக்காது. வாயைத் திறக்காதே என்று என் கணவர் ஜாடை காட்டினார். அந்த ஜாடையில்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போட்டு உடைத்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரியுமில்ல, ஒண்ணுமில்லக்கா. வூட்டு வேலதான். போன அன்னைக்கே பாஸ்போர்ட்ட வாங்கி பீரோவுல பூட்டிட்டாங்க. விசா அந்த வூட்டுக்காரர் பொறுப்புல. புடிக்கலன்னு வேற வூட்டுக்குப் போவ முடியாது, ஓடுனா போலீசு புடிக்கும். தனியா வாசப்படி தாண்டுனதில்ல. காய்ச்சல்ல கெடந்தப்பகூட எழுப்பி வேல வாங்குனாங்க. அனுப்பாதக்கா."

சொல்லச் சொல்லக் கூனிக் குறுகினேன். கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் விருட்டென்று எழுந்து உள்ளே போனார். உழைத்ததற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று இன்று கேட்கத் தெரிகிறது. அன்று நடுத்தெருவில் நிறுத்திச் சேலையை உருவியது போலிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க மட்டும் என்ன வாழுது ஆயி? எனக்கும் காய்ச்சல்னா லீவு கெடையாது. ஏய் வேலக்காரின்னுதான் கூப்புடறாங்க, எம் பேரு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. இவ குவைத்துலயே போயி தேய்க்கட்டும். திரும்பி வந்தா நர்சுன்னாவது சொல்லுவாங்கல்ல?"

அந்தப் பெண் அம்மாவின் பின்னால் நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.