முத்துமாரி பேசிக்கொண்டே இருந்த காலை

பட்டினப்பாக்கம் கடற்கரையில் மீன் கூவி விற்றுப் பழகிய தொண்டை முத்துமாரியுடையது. அறிவிப்பாளர் தேர்வுக்குப் போனபோது, "மைக்கக் கொஞ்சம் தள்ளி வைங்க சார், அப்பால ஒடஞ்சிட்சுன்னா என்னச் சொல்லக்கூடாது" என்று எச்சரித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாள். வேலை கிடைத்துவிட்டது.

அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய அந்த மத்திய அலை வானொலி நிலையம், சுனாமிக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை மீனவர்களுக்காகத் தொடங்கியது. முதலில் காற்று நிலவரமும் மீன் விலையும் மட்டும்தான். பிறகு பாட்டு வந்தது, தண்ணீர் லாரி வரும் நேரம் வந்தது, மயிலாப்பூர்த் தேர் எந்த வீதியில் நிற்கிறது என்பதுகூட வந்தது. அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட, மாலை ஒலிபரப்பு நின்றது. காலை பத்து மணி வரை மட்டும் மிஞ்சியது. ஆனால் செல்போனுக்கு சிக்னல் செத்துப்போகிற ஆழ்கடலிலும் முத்துமாரியின் குரல் கேட்கும்.

அந்த மார்கழிக் காலையில் கடலும் கரையும் தெரியாமல் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. நிகழ்ச்சி முடியும் தறுவாயில் தம்பி பெண்டாட்டி பச்சையம்மா போன் செய்தாள்.

"அண்ணி, எல்லா போட்டும் வந்துட்ச்சு. உன் தம்பி மட்டும் வரல. ஜிபிஎஸ் நேத்தே ரிப்பேரு. போவாதன்னா கேட்டாத்தானே?"

"ரேடியோ எடுத்துகினு போனானா?"

"அது இல்லாம கக்கூஸுக்கே போவமாட்டானே."

முத்துமாரிக்கு அது போதும். டிரான்சிஸ்டரைப் படுக்கையாகப் பிடித்து மெல்லச் சுற்றினால், ஓரிடத்தில் சத்தம் அடங்கிப்போகும். அப்போது பெட்டி நீண்டிருக்கும் திசையில்தான் வானொலி நிலையத்தின் கோபுரம். குப்பத்து ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. ஒரே சிக்கல், பெட்டிக்கு இரண்டு முனை. போன வருடம் தம்பி பக்கிரி தப்பான முனையை நம்பிக் கிழக்கே ஓட்டிக்கொண்டே போய், வேறு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது.

பத்து மணி. பொறியாளர் பிரபாகர் சுவிட்சருகே வந்து நின்றான். "நிறுத்தட்டாக்கா?"

"கை வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்."

"சரி, பாட்டாச்சும் போடுக்கா. தொண்ட போயிடும்."

"பாட்டுல சத்தம் நடு நடுவுல தானா எறங்கும். அதான் திசைன்னு நெனச்சிகினு எங்கியாச்சும் திரும்பிடுவான். சத்தம் ஒரே சீரா போவணும்."

மைக்கை நெருக்கி இழுத்துக்கொண்டாள். "டேய் பக்கிரி, பெட்டியச் சுத்து. சத்தம் எங்க அடங்குதோ அங்க நிறுத்து. அப்புறம் அலையப் பாரு. அலை முதுகுல தள்ளுனா கரைக்கு வர்றே. மூஞ்சில அடிச்சா அந்தமானுக்குப் போறே, திரும்பு."

அதையே மாற்றி மாற்றிச் சொன்னாள். நடுவில் சங்கரா, வஞ்சிரம் மீன் விலை சொன்னாள்; தம்பி சின்ன வயதில் செய்த அட்டூழியங்களை ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட்டாள். அசோக் நகரிலிருந்து ஒருவர் போன் போட்டு, இன்றைக்கு நாடகமா என்று கேட்டார்.

நிலைய இயக்குநர் ராம்குமாரும் அழைத்தார். பிரபாகர் போனை நீட்ட, அவள் மைக்கை மூடாமலே பதில் சொன்னாள். "வணக்கம் சார். நேரம் தாண்டிட்டது தெரியும். ஒரு போட்டு வெளிய கீது. அது வந்தா நிறுத்திடுவேன்." கரை முழுக்க அது கேட்டது. ராம்குமார் வீட்டு ரேடியோவிலும் கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா, பேசுங்க" என்றார்.

பேசினாள். குரல் கரகரத்தபோதும் ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காது கொடுத்துக் கேட்கிறானா என்பதுதான் கவலை.

பனி விலகி ஜன்னலில் வெயில் விழுவதற்குள் பச்சையம்மாவின் எண் மறுபடி வந்தது. எடுத்தால் பக்கிரி.

"கரைக்கு வந்துட்டேன், நிறுத்துக்கா! நான் மூணாங்கிளாஸ்ல டவுசர்ல போனத ஏன் ஊருக்கே சொன்ன? கூட வந்தவனுங்கோ வழியெல்லாம் சிரிச்சிகினு வர்றானுங்கோ."

"முழுசாக் கேட்டுகினுதானே வந்த?"

"கேக்காம?"

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றவள், சுவிட்சை அணைக்கச் சொல்லிப் பிரபாகரைப் பார்த்துத் தலையாட்டினாள்.