வாய் நிறைய வெற்றிலை

மட்டாஞ்சேரி சுக்குக் கிடங்கில் வேலை கிடைக்க, மேஸ்திரி முன்னால் ஒரு கூடைச் சுக்கைத் தரம் பிரித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை, பழைய மேஸ்திரி இருந்தபோது, தோற்றேன். "கண்ணு அவிஞ்சவளே, அது பூச்சி அரிச்சதுடி" என்று துண்டுக்குத் துண்டு என்னையே திட்டிக்கொண்டதில் விரல் தடுமாறி, பாதிக் கூடையிலேயே நேரம் முடிந்துவிட்டது.

மறுதடவை, புது மேஸ்திரி முன்னால், வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கிடங்குக்குள் துப்பக் கூடாது. மனதுக்குள் திட்டுகிற ரகமும் நான் இல்லை. கை அதுபாட்டுக்கு ஓடியது.

கூடை காலியானதும் மேஸ்திரி, "சேச்சி, பேரு என்ன?" என்றார். வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"பேச்சு வராதோ? நல்லது. இங்க இருக்கிறதெல்லாம் வாயாடிங்க. நாளைக்கே வந்துடணும்."

எனக்கும் வாய் உண்டென்று அவருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் என் கைவேலை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.