வில்லியனூர் வாசலுக்குள் ஒரு கோபுரம்

எழுபதுகளின் நடுவில் என் பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் தொங்கியது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. எங்கள் நகரைச் சூழ்ந்திருந்த மதிலோடு எப்போதோ மறைந்துபோன வில்லியனூர் வாசல் அதில் இருந்தது. வளைவின் நடுவே, தொலைவில், மேலே செல்லச் செல்லக் குறுகும் மங்கலான உருவம் ஒன்று தெரியும். முற்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் நகரத்துக்குள் இடிக்கப்பட்ட ஈசன் கோயிலின் கோபுரமே அது என்று நம்பினேன். அந்தக் கோயிலைச் சொல்லிச் சொல்லி வருந்திய குடும்பம் எங்களுடையது. அதன் தோற்றத்தை எவரும் கண்டதில்லை. ஆகவே அவ்வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் படத்தைக் கும்பிடுவேன், பிறகுதான் நாற்காலி.

வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையில் ஓய்வு பெற்ற சொல்தா. ஞாயிறு பூசை தவறாதவர். நான் பதிகம் பாடுவதால் என்னை ஓதுவாரே என்பார். பிரெஞ்சு மரியாதைப்படி அவர் எனக்கு முசியே.

“இன்னா ஓதுவாரே, அது எங்க கோயில் மணிக்கூண்டு. நீங்க கும்புடுறது எங்க மாதாவத்தான்.”

“மாதாவையும் கும்புட்டுட்டுப் போறேன், முசியே. மணிக்கூண்டுக்கு ஏது இத்தனை நிலை?”

“கண்ணாடி போட்டுப் பாருங்க.”

“போட்டுத்தான் பாக்குறேன்.”

சில ஆண்டுகளில் மகன் அழைக்க, அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். படமும் உடன் போவதாக இருந்தது. இனிப் பார்க்க வாய்க்காது என்று பூதக்கண்ணாடியோடு சென்றேன். சட்டத்தோடு பெட்டியில் வைத்தால் உடையும் என்று, படத்தை மேசைமேல் கவிழ்த்துக் குறட்டால் ஆணிகளை நெம்பிக்கொண்டிருந்தார்.

தாளை உருவி விரித்தார். குனிந்தேன். வாசல் இருந்தது, காவலர் இருந்தனர், ஒரு மாட்டுவண்டியும் இருந்தது. வளைவுக்குள் வெறும் வெள்ளைத் தாள். என் கோபுரம் படச்சட்டத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் இருந்தது: உப்புக்காற்றின் ஈரம் பல காலம் படியவைத்த கறை.

அவர் கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“போச்சுடா. உங்க கோபுரமும் போச்சு, எங்க மணிக்கூண்டும் போச்சு!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அக்கோயில் மறுபடியும் என் கண்முன் இடிந்தது போலிருந்தது. என் முகத்தைப் பார்த்தவர், துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்தார். கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார்.

“படம் எனக்கு. இது உங்களுக்கு.”

தில்லையில் திரை விலகுகையில் வெட்டவெளியைக் கும்பிட்டுக் கண்ணீர் விடுபவன் நான். அந்த வளைவின் வெண்மையைக் கண்டதும் ஏன் கை குவியவில்லை என்று வீடு திரும்பும்போது நினைத்தேன். கண்ணாடி என் பூசை அறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அதை மட்டும் துடைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.