பிரெஞ்சில் தொடங்கும் பத்து வார்த்தைகள்

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி வண்டியில் வீடு வந்து சேர்ந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். மகன் தன் நோட்டை நீட்டுவான். பார்க்கிறேன் கண்ணா என்பேன், பார்க்க மாட்டேன். அலுப்பு அப்படி. நேற்று அவன் எதையோ ஒட்டப் பசை கேட்டு நச்சரித்தபோது, நான் ஐந்தாவது படித்த வருஷம் ஞாபகம் வந்து தொலைத்தது.

தங்கவயலில் சுரங்க வேலை படுத்துவிட்டதால் அப்பா எங்களைப் பெங்களூருக்குக் கூட்டி வந்திருந்தார். ஒக்கலிபுரத்தில் ரயில் போனால் பாத்திரம் அதிரும் ஒற்றை அறை வீடு. அப்பா சிவாஜிநகரில் ஒரு மரச்சாமான் கடையில் பாலீஷ் போட்டார். அம்மா கார்மெண்ட்ஸுக்குப் போனாள். வெளிநாட்டுக்குப் போகும் மெல்லிய பிளவுஸ்களுக்கு விலாப்பக்கம் தைப்பது அவள் வேலை.

அப்போதுதான் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு வேலை கொடுத்தார். 'பிரெஞ்ச்' என்று தொடங்கும் பத்து ஆங்கில வார்த்தைகளைப் பிடித்து வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே படமோ பொருளோ ஒட்டவேண்டும். நல்ல நோட்டு ஆண்டு விழாவில் மேசைமேல் இருக்கும். படம் வெட்ட எங்கள் வீட்டில் ஏது பத்திரிகை? எனக்குப் பொருள்தான் கதி.

பீன்ஸ் சுலபம், மார்க்கெட்டில் வாங்கியதில் ஒன்றை ஒட்டினேன். நாலாம் நாள் அது நாறியது வேறு கதை. பிரெஞ்ச் பாலீஷுக்கு அப்பா பளபளவென்று ஒரு மரச் சில்லு தந்தார். டோஸ்ட்டுக்கு ரொட்டியின் ஓரம். நாங்கள் பாம்பே டோஸ்ட் என்று தின்பதுதான் அது என்று மிஸ் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. ஜன்னல், ஊதுகொம்பு என்று எப்படியோ எட்டு வரைக்கும் தேறியது.

ஒன்பதாவதை அம்மா கொடுத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, கண்ணை மூடியபடி சொன்னாள்.

"நான் நாள் பூரா அடிக்கறதே பிரெஞ்ச் சீம்தான். துணியோட வெட்டு வெளிய தெரியாம உள்ள மடிச்சு ரெண்டு தரம் தைக்கறது."

மறுநாள் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து விரலளவு துண்டு ஒன்று கொண்டு வந்தாள். வெள்ளைத் துணி. வெள்ளைத் தாளில் ஒட்டினால் இருப்பதே தெரியவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"கலர்ல எடுத்துட்டு வாம்மா. இது நல்லாவேல்ல."

"கேட்ல செக்கிங் இருக்குடி. நூல்கூட வெளிய வரக்கூடாது."

"இத மட்டும் எப்படி எடுத்துட்டு வந்த?"

அம்மா டப்பாவை எடுத்துக் கழுவ உட்கார்ந்தாள். அடுத்த நாள் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். நான் அவளோடு பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிடிவாதத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் அதற்கடுத்த காலை ஓர் அதிசயம். ஏழு மணி தாண்டியும் அம்மா வீட்டிலேயே இருந்தாள். அதற்கு மறுநாளும் இருந்தாள். மூன்று நாள். நான் பள்ளிவிட்டு வரும்போது கதவு திறந்தே கிடக்கும், அம்மா பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவள் எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

பத்தாவது வார்த்தைக்கு அப்பாவைப் பிடுங்கினேன். அவர் கையில் ஒட்டிய பாலீஷைத் துணியால் துடைத்தபடி யோசித்தார்.

"மைன்ஸ்ல சொல்லுவாங்க, பிரெஞ்ச் லீவுன்னு. சொல்லாம கொள்ளாம மட்டம் போடறது."

"நம்ம அம்மா மாதிரியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கை கழுவ வெளியே குழாயடிக்குப் போனார்.

பிரெஞ்ச் லீவுக்கு ஒட்ட என்ன இருக்கிறது? அதனால் படம் வரைந்தேன். பாய், தலையணை, அதில் அம்மா. வாயைச் சிரிக்கிற மாதிரி போட்டேன். கீழே ஆங்கிலத்தில், என் அம்மா மூன்று நாள் பிரெஞ்ச் லீவு எடுத்தாள் என்று எழுதினேன். மிஸ் அதை வகுப்பு முழுக்கக் காட்டிச் சிரித்து, சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் போட்டார். ஆண்டு விழா மேசைக்கு என் நோட்டும் போயிற்று.

அம்மாவோடு அதே வரிசையில் தைத்த பக்கத்து வீட்டு அக்கா, என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னாள். நீலத் துணி ஒன்று, அதே விரலளவு, கேட்டில் டப்பாவைத் திறந்தபோது அகப்பட்டிருக்கிறது. ஷிப்ட் விட்டு எல்லாரும் போகிற வழியில் அந்தத் துண்டைக் கையில் பிடிக்கச் சொல்லி அம்மாவை நிற்க வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் உள்ளே விடவில்லை. நாலாம் நாள் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி மிஷினில் உட்கார்ந்தாளாம். பெண்ணுக்கு ஸ்கூலில் கேட்டார்கள் என்று மட்டும் அவள் வாயே திறக்கவில்லையாம். சொன்னால் யார் நம்புவார்கள்?

நட்சத்திரம் வாங்கிய அன்று சாயங்காலம், வேலை விட்டு வந்து செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நோட்டை ஓடிப்போய்க் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தாள்.

"இது யாரு, நானா?"

"ஆமா. நீ பிரெஞ்ச் லீவு போட்டது."

"அப்படின்னா?"

"யாருக்கும் சொல்லாம, ஜாலியா வீட்ல இருக்கறது."

அம்மா நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தின பக்கத்தைத் திருப்பி, அந்த வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடி படத்துக்கு வந்தாள்.

"நல்லாத்தான் போட்டிருக்க. ஜாலியா இருந்தேனா நான்?"

"ஆமா, தூங்கிட்டே இருந்தியே."

"ம்" என்று சொல்லி நோட்டை என்னிடம் கொடுத்தாள். இன்னொரு தடவை எப்பம்மா போடுவ என்று நான் கேட்டேன்.